காரைக்குடி மீன் வெட்டுமேடைகள்: எந்த மீனின் முள்ளுக்கு எந்த வெட்டு

காரைக்குடி, தேவகோட்டை மீன் கடைகளைப் பற்றி விலை, எடை, ஐஸ் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். வெட்டிக் கொடுக்கும் வேலையைப் பற்றி யாரும் எழுதக் காணோம். வாங்கிப்போன மீனைப் பிள்ளைகளுக்கு நம்பிக் கொடுக்கலாமா, இல்லை ஒவ்வொரு வாய்க்கும் விரலால் தடவிப் பார்க்க வேண்டுமா என்பது அந்த வெட்டுக்கட்டையில்தான் முடிவாகிறது. அதனால் இந்த விமர்சனம் வெட்டுமேடைகளைப் பற்றி மட்டும். எந்தக் கடையையும் பேர் சொல்லவில்லை. குறையும் நிறையும் ஊர் முழுக்கப் பொதுவாக இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வஞ்சிரம், விளமீன், பாரை போன்ற பெரிய கடல் மீன்களில் வேலை சுத்தம். வாளை, ஓரா, திருக்கை என்றால் தொண்டி, ஜெகதாப்பட்டினம் என்று கடலோரப் பக்கத்து ஆள் உட்கார்ந்திருக்கும் மேடையாகத் தேடிப் போங்கள். ரோகு, கட்லா வெட்டு பெரும்பாலான இடங்களில் மோசம். ஏன் என்றால் எந்த மீன் வந்தாலும் வஞ்சிரத்துக்குப் போடுகிற குறுக்குத் துண்டையே போடுகிறார்கள். மீனுக்கு மீன் எலும்புக்கூடு வேறு. வெட்டும் அதற்குத் தக்கபடி மாற வேண்டும்.

வஞ்சிரத்திலிருந்து தொடங்கலாம். அதன் நடுமுள்ளில் 42 முதல் 46 கணுக்கள், வரிசையாகக் கோத்த எலும்புத் துண்டுகள், இருக்கும். மூன்று கிலோ மீனில் தலையும் வாலும் போக நடுமுள்ளின் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதாவது ஒரு கணு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர். வறுவலுக்கு ஒரு கணு, குழம்புக்கு இரண்டு கணு என்று வைத்தால் துண்டின் கனம் தானாகவே சரியாக வந்துவிடும். கை தேர்ந்தவர் முதலில் மேல்பக்கச் சதையை நடுமுள் வரைக்கும் அறுத்து நிறுத்துவார். கத்தியை அழுத்தாமல் இம்மி இம்மியாக நகர்த்துவார். கணுவும் கணுவும் சேரும் இடம் வந்ததும் கத்தி ஒரு நூல் உள்ளே இறங்கும். அப்போதுதான் கத்தியின் முதுகில் கட்டையால் ஒரே தட்டு. துண்டின் நடுவில் எலும்பு வட்டமாக, முழுசாக நிற்கும். இதைப் பார்க்காமல் அரிவாளை ஓங்கிக் கணுவின் மேலேயே போட்டால் எலும்பு சில்லு சில்லாகச் சிதறிச் சதைக்குள் புகுந்துகொள்ளும். வஞ்சிரத்தில் முள் குத்தியது என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் அது இந்தச் சில்லுதான். வெட்டிய துண்டை வாங்கியதும் நடு வட்டத்தைப் பாருங்கள். வட்டம் உடைந்து ஓரம் நொறுங்கியிருந்தால் வீட்டில் அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும்.

ஐஸில் கல்லாக உறைந்த மீனில் கணுவைக் கத்தியால் உணர முடியாது. அந்த மாதிரி மீனை மேடைக்குக் கொண்டுபோகாமல், பாதி இளகும் வரை விட்டு வெட்டச் சொல்லுங்கள். மெஷினில் அறுக்கிற இடங்களில் சில்லு வராது. ஆனால் எலும்புத்தூள் துண்டின் முகத்தில் ஒட்டியிருக்கும். கழுவினால் போய்விடும்.

விளமீன், சங்கரா, பாரை மூன்றிலும் நடுமுள்ளில் 24 கணுக்கள்தான். கொடுவாவில் 25. கணு குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, அதனால் வெட்டுவதும் சுலபம், தட்டில் முள்ளைப் பிரிப்பதும் சுலபம். இவற்றில் சதைக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முள் மீனின் முன்பாதியில், விலாமுள்ளுக்கு மேலே ஒரே வரிசையாக மட்டும் இருக்கும். வால் பாதியில் நடுமுள்ளையும் செட்டை (துடுப்பு) வேரையும் எடுத்துவிட்டால் வேறு எதுவும் கிடையாது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மீன் கொடுக்கப் பழக்குகிறீர்களா? ஒன்றரைக் கிலோ விளமீனின் வால் பாதியைத் தனியாக வெட்டித் தரச் சொல்லுங்கள். போன்லெஸ் கேட்டால், கிலோ மீனுக்கு 400 முதல் 450 கிராம் சதைதான் தேறும். கடைக்காரர் அந்தக் கணக்கைச் சொல்லும்போது சண்டை போட வேண்டாம். ஆனால் போன்லெஸ் என்று வாங்கியதில் அந்த முன்வரிசை முள் இருக்கிறதா என்று தலைப்பக்கத்திலிருந்து நடுவரை விரலை ஓட்டிப் பாருங்கள். காரைக்குடி மேடைகளில் இதை எடுக்காமலே கொடுத்துவிடுகிறார்கள். வரிசையின் இரண்டு பக்கமும் கத்தியால் கீறி, விரல் அகலத்துக்கும் குறைவான ஒரு பட்டையாக எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்குவதென்றால் தலைப்பக்கமாகச் சாய்த்து இழுக்க வேண்டும். நேர் மேலே இழுத்தால் சதை கிழியும்.

பாரையில் கூடுதலாக ஒரு வேலை உண்டு. வாலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நடுக்கோட்டில் ரம்பப் பல் மாதிரி கெட்டியான தகடுகள் ஓடும். செதில் உரசும் தகட்டுக்கு அது அசையாது. வாலிலிருந்து தலைப்பக்கமாகக் கத்தியைப் படுக்க வைத்துச் சீவ வேண்டும். இந்த வேலையை எல்லா மேடையிலும் சொல்லாமலே செய்கிறார்கள். பாராட்டலாம். கறுப்பு வாவலிலும் வாலடியில் இதே தகடு சிறிதாக இருக்கும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எல்லா மீனுக்கும் பொதுவான ஒரு குறையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றைத் திறந்து குடலை எடுத்த பிறகு, நடுமுள்ளின் அடியில் ஒரு மெல்லிய சவ்வுக்குக் கீழே கருஞ்சிவப்பாக ஒரு கோடு நிற்கும். பார்க்க ரத்தம் மாதிரி இருந்தாலும் அது மீனின் சிறுநீரகம். சவ்வைக் கத்தி முனையால் நீளவாக்கில் கீறி, கரண்டியாலோ கட்டைவிரல் நகத்தாலோ வழித்தெடுக்க வேண்டும். அதை விட்டால் குழம்பில் கவிச்சி தூக்கும். நல்லெண்ணெயும் பூண்டும் எவ்வளவு போட்டாலும் அடங்காது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பத்தில் ஒரு மேடையில்கூட இதைச் செய்வதில்லை. துண்டு போட்ட பிறகு எடுப்பது கஷ்டம். ஆகவே வெட்டும் முன்பே, "அண்ணே, நடுமுள்ளு ரத்தத்த வழிச்சிருங்க" என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் மறுப்பதில்லை.

வயிற்றைத் திறக்கும் அந்த நேரத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். புது மீனில் விலாமுள் வயிற்றுச் சதையோடு இறுக ஒட்டியிருக்கும். விலாமுள் சதையை விட்டுக் கழன்று, முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது பழைய மீன். செவுளுக்குச் சாயம் பூசலாம், கண்ணில் தண்ணீர் தெளிக்கலாம். விலாவை ஏமாற்ற வழியில்லை.

வாளை மீனின் கதை வேறு. வெள்ளித் தகடாக நீண்ட அந்த உடம்பில் நூற்றைம்பதுக்கும் மேல் கணுக்கள். வால் துடுப்பும் கிடையாது, வயிற்றுச் செட்டையும் கிடையாது. கணு ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர்தான் என்பதால் எங்கே வெட்டினாலும் சில்லு வராது. தொல்லை முதுகில் இருக்கிறது. தலையிலிருந்து வால் நுனி வரை ஓடும் முதுகுச் செட்டைக்கு அடியில், சதைக்குள் இறங்கி வரிசையாக நிற்கும் வேர் முள். துண்டு போட்டு வறுத்தால் வாயில் ஊசி ஊசியாக வரும். தொண்டிக்காரர்கள் செய்கிற முறை இது: செட்டையின் இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீளமாகக் கீறல், பிறகு வால் முனையில் துணியால் பிடித்துத் தலைப்பக்கமாக ஒரே இழுப்பு. செட்டையும் வேரும் சேர்ந்து நாடாவாகக் கழன்று வரும். கிலோவுக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்த வாளையையும் செய்யாத வாளையையும் ஒரே தட்டில் வைத்தால் இரண்டும் ஒரே மீன் என்று நம்ப மாட்டீர்கள்.

பெரிய வாளையிலும் பெரிய பாரையிலும் சில சமயம் நெற்றிக்கு மேலேயோ செட்டை வேரிலோ எலும்பு உருண்டையாகப் புடைத்து, பளிங்கு மாதிரி கெட்டியாக இருக்கும். நோய் என்று நினைத்து மீனைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. வயதான மீனில் எலும்பு இப்படிப் பருப்பது இயல்பு. சதைக்கு ஒன்றும் இல்லை. முரல் வாங்குகிறவர்களுக்கும் இதே பயம் வருகிறது. ஊசி மூக்கு முரலின் நடுமுள் பச்சை நிறம். வேகவைத்தாலும் பச்சையாகவே இருக்கும். பித்தத்தில் இருக்கிற அதே பச்சை நிறமி எலும்பிலும் படிவதால் வருவது அது. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. "முள்ளு பச்சையா இருக்கு, மாத்திக் குடுங்க" என்று வருகிறவர்களிடம் மேடைக்காரர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். அந்த நிதானத்துக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

ஓரா மீன் பாக் விரிகுடாவின் கடற்புல்லில் மேய்ந்து வளர்வது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் அதன் முள்ளில் நஞ்சு உண்டு. முதுகில் 13, அடியில் 7, இரண்டு வயிற்றுச் செட்டையிலும் இரண்டிரண்டு. இது போக முதுகுச் செட்டைக்கு முன்னால் தோலுக்குள் முன்நோக்கிப் படுத்திருக்கும் ஒரு முள், கண்ணுக்கே சரியாகத் தெரியாது. முதல் வேலை கத்தரிக்கோலால் எல்லாச் செட்டையையும் அடியோடு நறுக்குவது. அதன் பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். வீட்டில் முழுசாக வாங்கி வந்து வெட்டப் பார்க்காதீர்கள். தப்பித்தவறிக் குத்திவிட்டால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து அரை மணி நேரம் முக்கி வைத்தால் கடுப்பு குறையும். வேகும்போது இந்த நஞ்சு செயலிழந்துவிடும். குழம்பில் பயமில்லை.

சாளைக்கு மேடையில் மரியாதையே இல்லை. தலையைக் கிள்ளி, வயிற்றில் ஒரு கீறு கீறிக் குடலை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வயிற்று ஓரத்தில் தொண்டையிலிருந்து மலத்துளை வரை கூர்மையான செதில் தகடுகள் வரிசையாக இருக்கும். அந்த ஓரத்தை மூன்று நான்கு மில்லிமீட்டர் பட்டையாகக் கத்தரிக்கோலால் வெட்டி எறிய வேண்டும். இது எங்கும் நடப்பதில்லை. வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள். சதைக்குள் மயிரிழையாக நிறைய முள் இருக்கும். அதை எடுக்க முயல்வதே வீண். மொறுமொறுவென்று வறுக்கலாம். இல்லாவிட்டால் புளி கெட்டியாகக் கரைத்து, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, குக்கரில் சிறு தீயில் 35 முதல் 40 நிமிடம் வைக்கலாம். புளிப்பும் அழுத்தச் சூடும் சேர்ந்து நடுமுள்ளையே விரலால் நசுக்கும் பதத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

இனி கெண்டைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மாசி, பங்குனியிலிருந்தே சிவகங்கைச் சீமைக் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். இரண்டும் சேர்ந்து கோடையில் பலகை முழுக்க ரோகு, கட்லா, மிர்கால்தான். இந்த ஊர் மேடைகள் சறுக்குவதும் இந்தக் காலத்தில்தான்.

கெண்டைக் குடும்பத்து மீன்களில் நடுமுள்ளோடும் விலாமுள்ளோடும் ஒட்டாமல், சதைக்குள்ளேயே மிதக்கிற கவட்டை முள் ஒரு நூறு அளவுக்கு இருக்கும். நடுமுள்ளை எடுத்தால் இது கூட வராது. இடம் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். முதுகுச் சதையில் தலையிலிருந்து வால் வரைக்கும் இருக்கும். அடிப்பக்கத்தில் வயிறு முடிந்த பிறகு, வால் பகுதியில் மட்டும். வயிற்றுத் துண்டில் விலாமுள்ளைத் தவிர வேறு கிடையாது. அது பெரிது, கண்ணுக்குத் தெரியும், எடுத்துவிடலாம். ஆக, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வயிற்றுத் துண்டு, முள் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு முதுகுத் துண்டு. ஆனால் மேடையில் என்ன செய்கிறார்கள்? முதுகும் வயிறும் சேர்ந்த வளையமாகக் குறுக்கே வெட்டுகிறார்கள். ஒரு கவட்டை முள் இரண்டு துண்டுகளில் பாதி பாதியாக நிற்கும். ஒரு முள்ளாக இருந்தது இரண்டு மூன்று கூர் முனையாகிவிடும்.

செய்ய வேண்டியது இது. மீனை முதுகு வழியாக இரண்டாகப் பிளந்து நடுமுள்ளை எடுத்துவிட வேண்டும். விலாவைச் சீவி எடுத்து, வயிற்றுப் பகுதியைத் தனியாக நறுக்க வேண்டும். மிச்சமுள்ள முதுகு, வால் சதையைத் தோல் கீழே இருக்கும்படி கட்டையில் பரப்பி, மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு கீறலாக, தோல் வரை இறங்கி, தோல் அறுபடாமல் நெருக்கமாகக் கீற வேண்டும். கத்தி முள்ளைத் தொடும்போது நறநறவென்று மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் வராவிட்டால் கீறல் ஆழம் போதவில்லை. கீறி முடித்து நான்கு சென்டிமீட்டர் துண்டாக்கி, மசாலா தடவி, எண்ணெய் முழுசாக மூழ்கும்படி பொரித்தால் துண்டுபட்ட முள் சதையோடு சேர்ந்து மொறுகிவிடும். தோசைக்கல் வறுவலுக்கு இது சரிவராது. கீறலுக்குள் சூடு இறங்காமல் முள் அப்படியே நிற்கும்.

இப்படிக் கீறித் தரும் மேடை எண்ணிச் சொல்லும் அளவில்தான் இருக்கிறது. கத்தி தெரியாததால் அல்ல. வெட்டுக்கூலி கிலோ கணக்கு. மூன்று கிலோ வஞ்சிரம் ஐந்து நிமிட வேலை, மூன்று கிலோ ரோகு கீறித் தர இருபது நிமிடம். கூலி இரண்டுக்கும் ஒன்று. பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது யார் கீறுவார்கள்? வார நாளில், காலை கூட்டம் வடிந்த பிறகு போய், "அக்கா, கீறித் தாங்க, கூலி சேத்துத் தர்றேன்" என்று கேட்டால் பொறுமையாகச் செய்து தருகிறார்கள். கடைக்காரர்கள் கெண்டைக்கு மட்டும் தனிக் கூலி எழுதி ஒட்டினால் வெட்டுகிறவருக்கும் நல்லது, வாங்குகிறவருக்கும் நல்லது. வாங்கும்போது ஒன்று: மீன் பெரிதானாலும் கவட்டை முள்ளின் எண்ணிக்கை அதிகம் கூடாது, அளவுதான் பெரிதாகும். முக்கால் கிலோ ரோகுவைவிட மூன்று கிலோ கட்லாவில் முள் கண்ணில் படும். வெட்டத் தெரிந்த ஆள் கிடைக்காத நாளில் பெரிய மீனாக வாங்குங்கள்.

ஜிலேபி கெண்டையில் இந்தக் கவட்டை முள் தொல்லை இல்லை. முதுகுச் செட்டை மட்டும் கையைக் கிழிக்கும். விராலில் சதை முள் தொந்தரவு இல்லை என்பதால்தான் அந்த விலை. சாம்பல் போட்டு வழுவழுப்பை உரசுவதில் இந்த ஊர் மேடைகளை யாரும் மிஞ்ச முடியாது. கெளுத்தியில் முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முள். அடியில் பூட்டு மாதிரி மாட்டிக்கொண்டு விறைத்து நிற்கும், அமுக்கினாலும் மடங்காது. குறடால் அடியோடு உடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

சுறாவிலும் திருக்கையிலும் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்துதான். பால் சுறாவுக்கு மேடை வேலையே குறைவு. குடலை எடுத்துப் பெரிய துண்டாகப் போட்டால் போதும். மஞ்சள் போட்ட தண்ணீரில் எட்டு முதல் பத்து நிமிடம் வெந்ததும் சொரசொரத் தோல் உரிந்துவரும், நடுக்குருத்து தனியாகக் கழன்றுவிடும், புட்டுக்கு உதிர்க்கலாம். திருக்கையின் இறக்கையில் நடுவே வரிசையாக ஓடும் மெல்லிய குருத்துக் குச்சிகளுக்கு மேலும் கீழும் சதை. குச்சிகளுக்குக் குறுக்கே மூன்று நான்கு சென்டிமீட்டர் பட்டையாக வெட்டினால் வெந்த பிறகு குச்சியையும் மென்று சாப்பிடலாம். குச்சி போகிற போக்கிலேயே நீளமாக வெட்டிவிட்டால் நார் நாராக வாயில் சுற்றும். இந்த விஷயத்தில் மேடைக்கு மேடை வேறுபாடு அதிகம். வெட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலை வாங்குகிறவர்களுக்கு: கெண்டைத் தாடையில் பல் இல்லாவிட்டாலும் தொண்டைக்குள் செவுளுக்குப் பின்னால் பல் பதித்த எலும்பு உண்டு. செவுளோடு சேர்த்து அதையும் பிடுங்கச் சொல்லுங்கள். கத்தாளைத் தலையில் மூளைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைக் கல் இருக்கும், காதுக்குள் இருக்கும் கல். மற்ற மீனிலும் உண்டு, கத்தாளையில் பெரிது. தெரியாமல் கடித்தால் பல் போகும். தலையைச் சரியாக நடுவில் பிளந்தால் பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணில் படும், எடுத்துவிடலாம்.

போன்லெஸ் கேட்கும்போது மிச்சமாகும் நடுமுள் கூட்டைப் பல கடைகளில் கேட்காமலே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள், கேட்டு வாங்குங்கள். விளமீன் அல்லது கொடுவா கூடு அரைக் கிலோ, ரத்தக்கோட்டை வழித்து, செவுளை நீக்கி, ஒரு லிட்டர் தண்ணீரில் சின்ன வெங்காயம், தட்டிய மிளகு, சீரகத்தோடு 20 நிமிடம் கொதித்தால் போதும். ரசத்துக்கு அந்தத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அடுப்பில் விட்டால் கசப்பு இறங்கும். வடிகட்டும்போது துணி போட்டு வடிகட்டுங்கள். தேநீர் வடிகட்டியில் சின்னச் சில்லு தப்பிவிடும்.